சாம்பா வாத்தியாருக்குக் கோபம் வந்த நாள்

எங்க ஊர்ச் சந்தைக்குப் பின்னால, தண்டவாளத்தை ஒட்டி, தகரக் கொட்டகையில ஒரு மாவு மில் இருக்கு. அதை ஓட்டறவ ஸெலெசி ஷாவா. மில்லு போடற சத்தத்தையும் மீறிக் கேக்கும் அவ குரல். அவகிட்ட வாயைக் குடுத்துட்டு மானத்தோட வீடு போய்ச் சேர்ந்தவங்க இந்த ஊர்ல கிடையாது. பிள்ளைங்களைப் படிக்க வச்சது அந்த மில்லு, ஓடிப்போன புருஷனை மறக்க வச்சது அந்த வாய். நான் மலாமா. மில்லு வாசல்ல தக்காளியும் காஞ்ச மீனும் விக்கறேன். பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுல உக்காந்தவங்க நாங்க. அதனால அவளைப் பத்திச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு, வேற எவளும் சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

நான் பெம்பாக்காரி, அவ ங்கோனிக்காரி. எங்க ரெண்டு கூட்டமும் பூட்டன் காலத்துல ஒருத்தரை ஒருத்தர் வெட்டி மாய்ஞ்சவங்க. வெட்டி அலுத்துப் போய், இனிமே வாயாலேயே அடிச்சுக்குவோம்னு முடிவு கட்டினாங்க. அன்னிலேர்ந்து எங்களுக்குள்ள கேலிமுறை. நாங்க அவங்களை எலி தின்னிங்கன்னு சொல்லுவோம். அவங்க எங்களைக் குரங்கு தின்னிங்கன்னு சொல்லுவாங்க. அவ தட்டுல இருக்கற கறியை நான் எடுத்துத் தின்னலாம், என் தலைத்துணியை அவ உருவிக்கிட்டுப் போகலாம். கோபம் மட்டும் வரக் கூடாது. வந்துச்சா, தோத்த. அபராதம் கட்டணும்.

இது பாதி முறை. மீதிப் பாதி சாவு வீட்டுல இருக்கு. ங்கோனி வீட்டுல எழவு விழுந்தா பெம்பாக்காரன்தான் முன்னால நிக்கணும். குழி வெட்டணும், விறகு பொளக்கணும், தண்ணி தூக்கணும், அண்டா கழுவணும். நடுநடுவுல பொணத்தையே கேலி பண்ணி, அழுகிற வீட்டைக் கொஞ்சம் சிரிக்க வைக்கணும். வேலை செஞ்சு முடிச்சவன் செத்தவரோட பொருள் ஒண்ணை எடுத்துக்கலாம், யாரும் கேக்க முடியாது. வாயும் வேலையும் சேர்ந்ததுதான் முறை. வாய் மட்டும் வச்சுக்கிட்டுத் திரியறவனுக்குப் பேர் வேற.

எட்டாம் வகுப்புல எங்களுக்கு அறிவியல் எடுத்தவர் சாம்பா. சுத்தமான பெம்பாக்காரர். பாலிஷ் போட்ட ஷூ, மடிப்புக் கலையாத கால்சட்டை. பாடம் நல்லாத்தான் நடத்துவாரு, அதை மறைக்க எனக்கு மனசு வரல. மொத்த வகுப்புக்கும் நாலஞ்சு புத்தகம்தான். ஆனா கரையான் புத்து மண்ணு, தவளை முட்டை, வாழைப்பூன்னு தினம் ஏதாவது ஒண்ணை மேஜைமேல கொண்டாந்து வச்சுடுவாரு. கேள்வி கேட்டா முதல்ல எழுந்திரிக்கிறது ஸெலெசி. முதல்ல கேலி பண்ணப்படறதும் அவதான்.

உணவுச் சங்கிலி நடத்தின அன்னிக்கு நடந்ததை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாங்க. கரும்பலகையில ஒரு புல்லு வரைஞ்சாரு, பக்கத்துல ஒரு எலி, அதுக்குப் பக்கத்துல ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பொண்ணு.

"புல்லை எலி தின்னுது. எலியை ஷாவா வீட்டுல தின்னுறாங்க. ஷாவா வீட்டை எது தின்னும், எலிக்குட்டி?"

ஸெலெசி எழுந்தா. "குரங்கு, சார். ஆனா அது எங்ககிட்ட வந்து சேர்றதே இல்ல. நடுவுல நீங்க பிடிச்சுத் தின்னுடுறீங்க."

வகுப்பே உருண்டுச்சு. சாம்பா சிரிச்ச சிரிப்புல கையிலிருந்த சாக்பீஸ் விழுந்து உடைஞ்சுது. சாயங்காலம் அவ அதை அப்பாகிட்டச் சொல்லுவா. அவ அப்பா ஷாவா ரயில் பாதையில வேலை பாக்கறவர். மழையில நின்னு நின்னு நெஞ்சுல சளி கட்டின மனுஷன். இருமிக்கிட்டே சிரிப்பாரு. "நாளைக்கும் அந்தக் குரங்கை விடாதடி. ஆனா கோபப்பட்டுடாத. கோபப்பட்டா என் பேரு கெட்டுப்போகும்." அப்போ அது விளையாட்டு. அவளுக்கும் பிடிச்சிருந்துச்சு, எங்களுக்கும் பிடிச்சிருந்துச்சு.

மார்ச் மாசத்து மழையில ஷாவா செத்துப்போனாரு.

சொந்த ஊரு கிழக்கே தூரத்துல. எங்க ஊர்ல ங்கோனிக்காரங்க ரொம்பக் கொஞ்சம். அதனால கேலிமுறை உள்ள பெம்பாக்காரங்களைத்தான் நம்பி இருந்தாங்க. காலையிலேயே வந்துட்டாரு சாம்பா. வந்த வேகத்துல சவப்பெட்டிக்குப் பக்கத்துல நீட்டிப் படுத்தாரு. "யோவ் ஷாவா, எழுந்திரு, எலி ஓடுது, பிடி"ன்னாரு. சுவத்துல தொங்கின ஷாவாவோட மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டு, முதுகை வளைச்சு, அவரை மாதிரியே இருமிக்கிட்டு முற்றத்தைச் சுத்தி வந்தாரு. அச்சு அசல் ஷாவா. அழுது வீங்கிப் போயிருந்த ஸெலெசியோட அம்மா முகத்துல ஒரு சிரிப்பு வந்து போச்சு. அது வரைக்கும் எல்லாம் முறைப்படிதான்.

அப்புறம் மண்வெட்டி வந்துச்சு. மழை சோன்னு பிடிச்சுக்கிச்சு. சாம்பா வாசல்ல நின்னு சேத்தைப் பார்த்தாரு, தன் ஷூவைப் பார்த்தாரு. "அடடா, பரீட்சைப் பேப்பர் திருத்தணுமே"ன்னாரு. கால்சட்டையை ரெண்டு விரலால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, குதிகால் தரையில படாம, கல்லுக்குக் கல்லு தாவித் தாவிப் போயே போயிட்டாரு. போட்டிருந்த மழைக்கோட்டோட.

முக்கியமான முறைக்காரனே நழுவினதும் இன்னும் சில பேரு நழுவினாங்க. குழிக்கு ஆள் பத்தல. எங்க அப்பாவும் ஷாவாவோட ரயில் லைன்ல வேலை பார்த்தவங்க கொஞ்சப் பேரும் வெட்டினாங்க. ஊத்துத் தண்ணி பொங்கிப் பொங்கி வந்துச்சு. ஆழமா வெட்ட முடியாம, பாதிக் குழியிலதான் அந்த மனுஷனை இறக்கினாங்க. ஸெலெசி அதை நின்னு பார்த்தா.

அடுத்த திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்தோம். கரும்பலகைக்குப் பக்கத்துல ஆணியில அந்தக் கோட்டு தொங்குது. தோள்பட்டையில ஷாவா வச்சுத் தைச்ச நீல ஒட்டு அப்படியே இருக்கு. மழை நிக்கற வரைக்கும் தினம் அது அங்கதான் தொங்குச்சு. தினம் அதுக்கு நேரா உக்காந்துதான் அவ பாடம் படிச்சா. அந்த ஆளுக்குக் கொஞ்சமாவது உறைக்கணுமே! ம்ஹும். "என்ன எலிக்குட்டி, வாலு சுருங்கிப்போச்சா?"ன்னு பழைய மாதிரியே ஆரம்பிச்சாரு. வகுப்பும் பழைய மாதிரியே சிரிச்சுது. வெளியே ஊர் பாக்கறதுக்கு, முறைக்காரன் கேலி பண்றான், அவ்வளவுதானே?

குழாயடியில வச்சு அவ என்கிட்டச் சொன்னா. "மலாமா, அந்த ஆளு எல்லாரும் பார்க்க ஒரே ஒரு தடவை கோபப்படணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"கோபப்பட்டா என்னடி? ஒரு கோழியைக் குடுத்துட்டுப் போவாரு."

"சும்மா கோபம் இல்ல. நிலை தப்பணும். முறையே இல்லைன்னு அவர் வாயால சொல்ற அளவுக்குக் கோபம் வரணும். அதைச் சொன்னாருன்னா, எங்க வீட்டுல அவர் செஞ்சதுக்கெல்லாம் வேற பேரு."

அந்த வயசுல பொண்ணுங்க ரிப்பனுக்கு ஆசைப்படுவாளுங்க. இவ ஒரு மனுஷனோட கோபத்துக்கு ஆசைப்பட்டா.

என்னென்னமோ செஞ்சு பார்த்தா. அவர் டீயை எடுத்து இவ குடிச்சா, அவர் ரொட்டியை இவ தின்னா. அவரோ இன்னொண்ணு வாங்கிட்டு வரச் சொல்லி, "எலிக்குட்டி வளரட்டும்"னு சிரிச்சாரு. ஒரு நாள் சோள நாரைத் திரிச்சு வாலு செஞ்சு அவர் சட்டைக்குப் பின்னால ஊக்கு குத்திட்டா. அந்த ஆளு அதைக் கழட்டவே இல்லையே! சாயங்காலம் வரைக்கும் வாலை ஆட்டிக்கிட்டே ஒவ்வொரு வகுப்பாப் போய்க் காட்டிட்டு வந்தாரு. ஜனங்க அவரை இன்னும் கொண்டாடினாங்க. சிரிச்சே ஜெயிக்கிற ஆளுகிட்ட எதை வச்சுச் சண்டை போடறது? அன்னிக்கு அவ பெஞ்சு விளிம்பைப் பிடிச்சிருந்த பிடியில நகம் உடைஞ்சுது.

நவம்பர்ல முதல் மழை விழுந்ததும் இயற்கைச் சுற்றுலான்னு அறிவிச்சாங்க. முட்டோண்டோ மரக் காட்டுக்குப் போய், நாம தின்னற புழு எப்படிப் பிறந்து எப்படி வளருதுன்னு நேர்ல பார்த்துப் படிக்கணுமாம். கூடவே மாவட்டக் கல்வி அதிகாரி ஜேரே அம்மாவும் வர்றாங்க. எங்க தலைமை ஆசிரியர் ஓய்வு பெறப் போறாரு, அந்த நாற்காலி சாம்பாவுக்கா இல்லையான்னு பார்த்துட்டுப் போறதுக்குத்தான் வர்றாங்கன்னு ஊருக்கே தெரியும். ஜேரே அம்மா ங்கோனிக்காரங்க.

"உங்க ஆளுடி"ன்னேன்.

"தெரியும்"னா ஸெலெசி.

லாரியில நின்னுக்கிட்டே போனோம். காட்டுல இறங்கினதும் சாம்பா வெளுத்து வாங்கினாரு. "யாரும் மேல பார்க்காதீங்க. தரையைப் பாருங்க. மிளகு கொட்டின மாதிரி எச்சம் கிடக்குதா? அப்போ அந்த மரத்துல புழு இருக்கு." நாங்க குனிஞ்சு தேடித் தேடி ஓடினோம். இலைக்கு அடியில ஒட்டின முட்டை, விரல் தடிமன் புழு, வேருக்குப் பக்கத்துல மண்ணைக் கிளறினா பழுப்புக் கூடு, எல்லாத்தையும் வரிசையாக் காட்டினாரு. ஜேரே அம்மா ஷூவெல்லாம் சேறா எங்களோடயே தவழாத குறையா வந்தாங்க.

"சரி, எல்லாப் புழுவையும் பறிச்சுட்டா என்ன ஆகும்?"னு அவங்க கேட்டாங்க.

ஸெலெசி சொன்னா. "மண்ணுக்குள்ள போறதுக்கு எதுவும் மிஞ்சாது மேடம். அடுத்த மழைக்கு அந்துப்பூச்சி வராது, முட்டை வைக்காது. அதனால மரத்தையும் வெட்டக் கூடாது, கடைசிப் புழுவையும் எடுக்கக் கூடாது."

"பலே! யாரு இவளுக்குச் சொல்லிக் குடுத்தது?"

சாம்பா நெஞ்சை நிமிர்த்தினாரு. "என் மாணவி மேடம். ஷாவா வீட்டுப் பொண்ணு. எலிக்குத் தொட்டுக்கப் புழு வேணுமில்ல, அதான் அக்கறை."

ஜேரே அம்மா விடுவாங்களா? "ஓஹோ! குரங்குக்குத் தொட்டுக்க நீங்க என்ன வச்சுக்குவீங்க, சார்?" காடே சிரிச்சுது. சாம்பாவுக்கு வாயெல்லாம் பல்லு. நாற்காலியில பாதி உக்காந்தாச்சுன்னே நினைச்சிருப்பாரு.

தூறல் போட்டதும் அவர் மழைக்கோட்டை மாட்டினாரு. அதே கோட்டு, அதே நீல ஒட்டு. தூறல் விட்டதும் கழட்டிக் கிளையில தொங்கப் போட்டுட்டுச் சாப்பிட உக்காந்தாரு. ஸெலெசி நேரா போய் அவர் டப்பாவிலிருந்து கோழிக்காலை எடுத்துக் கடிச்சா.

"பாருங்க மேடம், உங்க ஆளுங்க லட்சணத்தை"ன்னு சாம்பா சிரிச்சாரு.

அவ கோழிக்காலை முடிச்சா. கையைப் புல்லுல துடைச்சா. கிளையிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டா. நடுவுல வந்து நின்னு, பாவாடையை ரெண்டு விரலால தூக்கிப் பிடிச்சா. குதிகாலைத் தூக்கி, கல்லுக்குக் கல்லு தாவற மாதிரி தாவ ஆரம்பிச்சா. "அடடா என் ஷூ! ஐயையோ என் பாலிஷு! பரீட்சைப் பேப்பர் கூப்பிடுதே, நான் போறேன், நான் போறேன்!"

ஜேரே அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாங்க. ஊர்ப் பிள்ளைங்க நாங்க ஒருத்தரும் சிரிக்கல. எங்களுக்குத் தெரியுமே அது எந்த நாளு, எந்த வாசல்னு. சாம்பா முகத்துல சிரிப்பு ஒட்டவச்ச மாதிரி நின்னுச்சு.

"போதும், எலிக்குட்டி. கழட்டு."

"எதுக்கு குரங்கு மாமா? கழட்டினா மண்வெட்டி தூக்கச் சொல்லிடுவாங்களே!" மறுபடி தாவினா. "குழியாம் குழி! அதுக்கெல்லாம் ஆளுங்க இருப்பாங்க. நான் சிரிக்க மட்டும்தான் வந்தேன்!"

"கழட்டுன்னு சொல்றேன்ல!"

"தின்னுட்டுத்தான் போவேன்! கோட்டை எடுத்துக்கிட்டுத்தான் போவேன்!"

பளார்னு ஒரு அறை. அவ தலை ஒரு பக்கம் திரும்பிப்போச்சு. சாம்பா கோட்டுக் காலரைப் பிடிச்சு உலுக்கினாரு. "நான் உன் வாத்தியார்டீ! யாருகிட்ட விளையாடறே? உனக்கும் எனக்கும் என்ன முறை? உன் குடும்பத்துக்கும் எனக்கும் ஒரு முறையும் கிடையாது!"

சொல்லிட்டாரு. எல்லாரும் பார்க்க, அவர் வாயாலேயே சொல்லிட்டாரு. ஜேரே அம்மா கையைத் தட்டி, "மாட்டிக்கிட்டாரு, மாட்டிக்கிட்டாரு! கோழி எடுங்க!"ன்னு கத்தினவங்க, எங்க முகத்தைப் பார்த்துட்டுத் தட்டறதை நிறுத்திட்டாங்க.

ஸெலெசி கன்னத்தைத் தடவக்கூட இல்ல. "கேட்டுக்கங்க மேடம். முறை இல்லையாம். முறை இல்லாதவர், எங்க அப்பா பொணத்துக்குப் பக்கத்துல படுத்து எதுக்குச் சிரிச்சாரு? அவர் இருமலை எதுக்கு இருமிக் காட்டினாரு? ஒரு பிடி மண்ணு அள்ளாம இந்தக் கோட்டை எதுக்கு எடுத்துக்கிட்டுப் போனாரு?"

லாரி டிரைவர் மரத்தடியில படுத்திருந்தவன், எழுந்து உக்காந்து சொன்னான். "முறை இல்லாம எடுத்தா அது திருட்டுதான்."

"குழி யாரு வெட்டினது?" ஜேரே அம்மா குரல் மாறிப்போச்சு.

"எங்க அப்பா, லைன்காரங்க"ன்னு நான்தான் சொன்னேன். என் வாயை யாரு அடைக்கிறது?

"நான் இப்போ அதிகாரியாக் கேக்கல. செத்தவரோட கூட்டத்து ஆளாக் கேக்கறேன். சார், அது உண்மையா?"

சாம்பா தரையைப் பார்த்தாரு. அங்கே மிளகு மாதிரி புழு எச்சம்தான் கிடந்துச்சு.

"அபராதம் நீ சொல்லு"ன்னாங்க ஜேரே அம்மா ஸெலெசியைப் பார்த்து. கோழி கேப்பா, மிஞ்சிப்போனா ஆடு கேப்பான்னு நாங்க நினைச்சோம்.

"எங்க அப்பா குழி அமுங்கிக் கிடக்கு. இவர் வந்து மண்ணு வெட்டி மேடு போடணும். கூட ஆள் வரக் கூடாது. ஊரு வரட்டும், பார்க்கறதுக்கு."

சனிக்கிழமை ஊரே வந்துச்சு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இடுகாடு. வெயில் பொளந்துச்சு. அந்த வெயில்ல ஸெலெசி மழைக்கோட்டை மாட்டிக்கிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நின்னா. அவ அம்மா பாயில உக்காந்திருந்தாங்க. சாம்பா மண்வெட்டியோட வந்தாரு. கரையான் புத்து மண்ணை வெட்டி, கூடையில அள்ளி, தலையில சுமந்து கொண்டாந்து கொட்டினாரு. கொட்டி மிதிச்சாரு. ஷூவெல்லாம் செம்மண்ணு. கொஞ்ச நேரத்துல உள்ளங்கை கொப்பளம் விட்டு உடைஞ்சுது. கைக்குட்டையைச் சுத்திக்கிட்டு மறுபடி வெட்டினாரு. பாவம்னு நினைக்கறீங்களா? நான் நினைக்கல. எங்க அப்பா அன்னிக்கு வெட்டினது தண்ணிக்குள்ள நின்னு.

ஒண்ணு சொல்லணும். எங்க வழக்கத்துல, முறை முறிஞ்சவங்க மறுபடி சேர்றது ரொம்பச் சுலபம். நோகப்பட்டவங்க ஒரே ஒரு கேலி சொன்னாப் போதும். "குரங்கே, சீக்கிரம் வெட்டு"ன்னு அவ சொல்லியிருந்தா முடிஞ்சுது. எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சிருப்போம், லைன்காரங்க ஓடிப்போய்க் கூடையை வாங்கியிருப்பாங்க, அந்த ஆளு தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பாரு. அதுக்காகத்தான் ஊரே காத்துக்கிட்டு இருந்துச்சு. சாம்பாவும் ஒவ்வொரு கூடைக்கும் அவ வாயைப் பார்த்தாரு.

எங்க அம்மா அவளை இடிச்சாங்க. "ஒரு வார்த்தை சொல்லித் தொலையேண்டி." பாயிலிருந்து அவ அம்மாவும், "போதும் மகளே, விடு"ன்னாங்க. அவ உதட்டைப் பிரிக்கல.

கடைசியில அந்த ஆளே ஆரம்பிச்சுப் பார்த்தாரு. மூச்சு வாங்க, மண்வெட்டியில சாய்ஞ்சு, அழுகையும் சிரிப்பும் கலந்த ஒரு குரல்ல, "எலிக்குட்டி, உங்க அப்பன் விடற குறட்டை வெளியே வரைக்கும் கேக்குதே"ன்னாரு. நல்ல கேலி. ஷாவாவே கேட்டிருந்தா சிரிச்சிருப்பாரு. யாரும் சிரிக்கல. அவ சிரிச்சாத்தானே நாங்க சிரிக்க முடியும்?

மேடு இடுப்பளவு எழுந்துடுச்சு. மேல ஒரு புல்லு தூசி இல்லாம கையாலயே தட்டித் தடவி முடிச்சாரு. ரத்தமும் மண்ணுமா இருந்த கையை ரெண்டையும் அவ முன்னால நீட்டினாரு.

"போதுமா, ஸெலெசி?"

அவ மேட்டைப் பார்த்தா, அவர் கையைப் பார்த்தா, அப்புறம் நேரா அவர் கண்ணைப் பார்த்தா.

"எங்க அப்பாகிட்டக் கேளுங்க, சார்"னா. அம்மாவைக் கைப்பிடிச்சு எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா.